செய்யாறு பக்கம் இன்னும் எப்படிக் கூத்து நடக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். பங்குனியில் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகச் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் பாதி ஊர் தெருவில் பாய் போட்டு உட்கார்ந்து கூத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே வாரத்தில் பக்கத்தில் இன்னும் மூன்று ஊர்களில் கூத்து என்றும் சொன்னார்களாம். நகரத்தில் இரண்டு மணி நேர நாடகத்துக்கே நாற்காலி நிரம்பாதபோது, நெல்லையும் மணிலாக்கொட்டையையும் நம்பியிருக்கிற ஊர்களில் இது எப்படி நடக்கிறது, அரசாங்கப் பணமா, வெறும் பழக்கமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் "இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஒரு வரி, அப்புறம் நன்றாகப் பார்க்க எப்போது வர வேண்டும் என்று இன்னொரு வரி. "எத்தனை நாளைக்கு" என்பதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி என்று தோன்றுகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு ஜமாவில் பதினேழு சீசன் மிருதங்கம் வாசித்தவன் நான். கூத்துக் குழுவை இங்கே ஜமா என்றுதான் சொல்வோம். விடியவிடிய வாசித்துத் தோள்பட்டை போய்விட்டது, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. அதனால் பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் நடப்பதைப் பற்றி நான் சொல்வது உட்கார்ந்து பார்த்தது, வாசித்துப் பார்த்தது. மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து நாடகங்களைப் பற்றிச் சொல்வது பார்வையாளனாகப் போய் வந்தது மட்டும். இரண்டுக்கும் ஒரே எடை போடாதீர்கள்.

முதலில் பணம். அரசாங்கம் ஒரு ஊர்க் கூத்துக்கும் காசு கொடுப்பதில்லை. டிக்கெட்டும் கிடையாது. ஊரில் திரௌபதி அம்மன் கோவில் விழா எடுப்பது என்று முடிவானதும் தலைக்கட்டு வரி போடுவார்கள், கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர், எல்லாருக்கும் வரி உண்டு. கட்டாவிட்டால் கோவில் மரியாதை இல்லை. அப்புறம் உபயம்: ஒவ்வொரு ராத்திரிக் கூத்தையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஏற்றுக்கொள்ளும், நோட்டீஸில் பேர் போடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் பார்த்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட விருந்தாளி இல்லை. எல்லாருமே விழா எடுத்தவர்கள். தன் வீட்டுக் காசில் தன் ஊருக்காக நடப்பதை எவரும் இடைவேளையில் எழுந்து போவதில்லை. அசந்தால் அங்கேயே படுத்துத் தூங்குவார்கள், துச்சாதனன் வருகிற தாளம் கேட்டதும் எழுந்து உட்காருவார்கள். நகரத்து நாடகக்காரர்கள் பார்வையாளரைத் தேடி அலைகிறார்கள். இங்கே பார்வையாளர்கள்தான் தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக்கொண்டு கூத்து வாத்தியார் வீட்டைத் தேடி வருகிறார்கள்.

வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவழிப்பார்களா என்றால், மாட்டார்கள். அந்த ராத்திரிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பக்கம் நோட்டீஸில் "அக்னி வசந்த விழா" என்று போட்டிருக்கும், பேச்சுவழக்கில் "பாரதம் வைத்திருக்கிறார்கள்" என்போம். கொடி ஏற்றிக் காப்புக் கட்டியதும் தினமும் மதியம் பாரதப் பிரசங்கம், வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார்கள். சில நாள் கழித்து ராத்திரிக் கூத்து சேரும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒரு வரிசை, ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும் குறையும். பதினெட்டாம் போர் ஆடி முடிந்த காலையில் படுகளம், அன்று சாயங்காலம் தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். பிரசங்கியார் மதியம் சொன்ன கதையைக் கூத்து ராத்திரி கண்ணில் காட்டுகிறது, கடைசியில் அந்தக் கதைக்குள்ளேயே ஊர் நடந்து போய்த் தீ மிதிக்கிறது. கூத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து "இவ்வளவு பெரிய கூட்டம் எப்படி" என்று கேட்டால் விடை கிடைக்காது.

அர்ஜுனன் தபசைப் பாருங்கள். பல ஊர்களில் இதைப் பகலிலேயே வைப்பார்கள். உயரமான மரம் ஒன்றை நட்டுக் குறுக்குக் கட்டைகள் அடித்திருப்பார்கள், அதுதான் தபசு மரம். அர்ஜுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு என்று பாடிக்கொண்டே ஏறுவார். கீழே மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் அவர் மூச்சைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஏறுகிறவருக்கு அறுபது வயது இருக்கலாம், காலையிலிருந்து விரதம் வேறு. மரத்தைச் சுற்றிக் குழந்தை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானையை ஏந்தி உட்கார்ந்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் மடியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று எடுத்து நாலு திசையும் வீசுவார். எத்தனையோ ஊர்களில் நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண்ணின் முந்தானையில் பழம் விழுந்து துள்ளி வெளியே உருண்டுவிட்டது, வாத்தியக்காரர்கள் நாங்கள் உட்கார்ந்திருந்த மேளக்கட்டு வரைக்கும் வந்தது. நான் வாசிப்பை நிறுத்தாமல் இடது காலால் அதை அந்தம்மா பக்கம் தள்ளிவிட்டேன். விடிந்ததும் வாத்தியார் கடிந்துகொண்டார்: "காலாலயா தள்ளுவ? வாசிப்ப நிறுத்திட்டுக் கையால எடுத்துக் குடுத்திருக்கணும். அந்தம்மாவுக்கு உன் தாளமா முக்கியம்?" தாளத்தை ஒரு நொடிகூட விடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அன்றுதான் இது எந்த மாதிரி மேடை என்று எனக்கு விளங்கியது.

துகில் ராத்திரியும் அப்படித்தான். திரௌபதி புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள், துச்சாதனன் வேஷம் கட்டியவர் அம்மனை நினைத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார். திரௌபதி வேஷம் கட்டியிருப்பவரும் ஆண்தான், காலையில் அதே ஊர் டீக்கடையில் கைலியோடு உட்கார்ந்திருந்தவர்தான், எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வயதான பெண்கள் எழுந்து நின்று கையெடுப்பார்கள். படுகளத்தில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாக, மல்லாந்து கிடக்கிற மாதிரி செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடிச் சண்டை போட்டுத் தொடையில் அடித்த பிறகு திரௌபதி கூந்தலை முடிவாள். வெயில் ஏறிவிட்டிருக்கும், ராத்திரி முழுக்க ஆடியவர்களின் முகச்சாயம் வியர்வையில் வழிந்துகொண்டிருக்கும், தெருவெல்லாம் ஆள்.

சாவுக்கும் கூத்து உண்டு. காரியத்தன்று கர்ண மோட்சம் வைப்பது எங்கள் வட்டாரத்தில் பெரிய வழக்கம். போரில் எல்லாப் புண்ணியத்தையும் தானம் செய்துவிட்டுச் செத்தவனின் கதையை, அப்பாவைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் வைத்து ஆடுவது. கர்ணனின் மனைவி பொன்னுருவி அவனைப் போருக்கு அனுப்ப மனமில்லாமல் பாடுகிற இடத்தில் வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள், பதினைந்து நாள் அழாத பிள்ளைகூட அங்கே உடைவான். நான் வாசித்த ராத்திரிகளில் எனக்குப் பிடித்தவை இவைதான் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ஆடுகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஒரு ஜமாவில் பன்னிரண்டு பதினைந்து பேர். பெரும்பாலும் சிறு விவசாயிகள், கூலி வேலை செய்கிறவர்கள், ஆரணி, காஞ்சிபுரம் பக்கமானால் நெசவுக்குப் போகிறவர்களும் உண்டு. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரை சீசன், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கொஞ்சம், இடையில் காரியக் கூத்துகள். பணத்தைப் பங்காகப் பிரிப்பார்கள்: முக்கிய வேஷத்துக்கு ஒரு பங்கு, சின்ன வேஷத்துக்கு முக்கால், அரை, கட்டை வைத்திருப்பவருக்குத் தனிப் பங்கு, இப்படி. கட்டை என்பது கிரீடம், புஜம், மார்புப் பதக்கம் முதலான மர அணிகள். லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியது. அதை வைத்திருப்பவரிடம்தான் ஜமாவின் பிடி இருக்கும். முந்தைய தலைமுறையில் இன்ன ஊர்க் கூத்து இன்ன குடும்பத்துக்கு என்று மிராசு உரிமை இருந்தது, காசைவிட நெல்லாகக் கிடைத்தது. அது போய், நல்லா ஆடுகிற ஜமாவை எந்த ஊரும் பேசிக் கூப்பிடலாம் என்று ஆன பிறகுதான் போட்டி வந்தது, ஆட்டத்தின் தரமும் ஏறியது, சாதி பார்க்காமல் சேர்ந்த ஜமாக்களும் வந்தன. ஆனால் கூடவே கடனும் வந்தது. சீசன் ஆரம்பத்தில் வாத்தியார் வட்டிக்கு வாங்கி நல்ல நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்து வைப்பார், நடுவில் ஒருவர் வேறு ஜமாவுக்குத் தாவினால் வாத்தியார் மூழ்கினார். நடிகருக்கோ அந்த முன்பணம் ஐப்பசி மழையிலேயே அடுப்புக்குப் போயிருக்கும், சீசன் முழுக்க ஆடிக் கழிப்பார். நான் இருந்த ஜமாவும் இப்படி ஒரு முன்பணத் தகராறில்தான் இரண்டாக உடைந்தது. "செழித்து வளரும் கிராமியக் கலை" என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்குநோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய அதிசயம் இல்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்று வேறொரு ஏற்பாடு நடக்கிறது, அதன் அமைப்பு என்னை வியக்கவைத்தது. அங்கே குழுவே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். ஒத்திகை இல்லை, சில சமயம் வள்ளியும் முருகனும் மேடைக்குப் பின்னால் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்துக்கொள்வார்கள். அப்படியும் "வள்ளி திருமணம்" விடியும் வரை தர்க்கப் பாட்டோடு தடங்கலில்லாமல் போகும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானார், அவர் போட்டுவைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொதுப் பாடம், அதனால் முடிகிறது. நடிகர் சங்கங்கள் ஊர் ஊராக இருக்கின்றன. முக்கியமாக, அங்கே பெண்கள் பல தலைமுறைகளாக மேடையில் இருக்கிறார்கள், எங்கள் கூத்தில் அது மிகச் சமீபம். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கக் கூத்துக்குப் பாணியே வேறு, கூடவே பொம்மலாட்டமும் தோல்பாவையும் உண்டு. மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் அந்தக் கலைஞர்களைப் பற்றி எழுதியும் அவர்களுக்கு விழா எடுத்தும் வருகிறார், "மணல்வீடு" இதழ் கிடைத்தால் பாருங்கள். எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான்: ஊர்க் கோவில், ஊர் வசூல், விடியும் வரை ஆட்டம்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் "இரண்டாயிரம் ஆண்டுக் கலை" என்று எழுதியிருந்தார், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூத்து என்ற சொல் அவ்வளவு பழையது, சிலப்பதிகாரத்தில் கூத்தும் உண்டு அரங்கும் உண்டு. ஆனால் அங்கே சொல்லப்படுகிற கூத்துதான் இன்று நாங்கள் ஆடும் கூத்து என்று காட்ட நேரடிச் சான்று கிடையாது. நாங்கள் பாடுகிற பாட்டுகள் பல 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் சிறு புத்தகங்களாக அச்சேறியவை, "புகழேந்திப் புலவர் இயற்றியது" என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது நளவெண்பா பாடிய புகழேந்தி என்று நம்ப இடமில்லை. செஞ்சி பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடம் என்று ஊர் மரபு சொல்கிறது, அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வழிபாடு செஞ்சிப் பகுதியிலிருந்து பரவியது என்பது வலுவான கருத்து, ஆனால் கருத்துதான். பெயரிலும் சண்டை உண்டு. தெருக்கூத்து என்பது இளக்காரமாக ஒலிக்கிறது, கட்டை கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்பதே சரி என்று காஞ்சிபுரத்துக் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் வாதாடினார்கள், 1990இல் சங்கத்துக்கே அந்தப் பேர்தான் வைத்தார்கள். புரிசை ஊர்க் கூத்துக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். ஊரில் போய்க் கேட்டால் இரண்டும் இல்லை, "கூத்து", சில இடங்களில் "நாடகம்", அவ்வளவுதான்.

வெளியுலகுக்கு இது தெரியவந்தது பெரும்பாலும் செய்யாறு வட்டம் புரிசை வழியாகத்தான். எழுபதுகளில் நாடக எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோனார், 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவுக்குப் புரிசை கண்ணப்ப தம்பிரான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார். பிரெக்ட் நாடகத்தையும் மார்க்கேஸ் கதையையும் கூத்தாக ஆடிய குடும்பம் அது. கண்ணப்ப தம்பிரான் 2003இல் மறைந்த பிறகு அவர் நினைவாகப் புரிசையிலேயே விழா எடுக்கிறார்கள், இரண்டு ராத்திரி, கூத்தும் நவீன நாடகமும் ஒரே மேடையில். ராஜகோபாலும் நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002இல் ஆரம்பித்த குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடக் கற்றது அங்கேதான், இன்று ஒரு பெண் துரியோதனனாகத் திரையை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பள்ளி. 2020இல் மூடிவிட்டார்கள். எங்களுக்கு அது பெரிய இழப்பு, இன்னொன்று அந்த அளவுக்கு வரவில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது, 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது, அதே ஆண்டு நாட்டுப்புறக் கலைகளை நகரத்துக்குக் கொண்டுவரும் சென்னை சங்கமம் விழாவும் தொடங்கியது. அடையாள அட்டையும் ஓய்வூதியமும் கிடைத்த முதியவர்களை எனக்குத் தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நகர விழாக்களில் இருபது நிமிஷம் கொடுப்பார்கள். இருபது நிமிஷத்தில் திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடித் திரையை விலக்கி வேஷம் வெளியே வந்து சுற்றி ஆடுவதற்கே நேரம் சரியாகப் போய்விடும். எட்டு மணி நேரக் கூத்தில் ஒரு வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வரவே அரை மணி ஆகும், அந்த அரை மணியில்தான் அது யார் என்று நமக்குள் இறங்குகிறது. நகர மேடைக்காகவே சுருக்கி ஆடக் கற்ற இளைஞர்கள் ஊர்க் கூத்துக்கு வந்தால் பன்னிரண்டு மணிக்கே கையிருப்பு தீர்ந்துபோய் நிற்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆள் வராமல் கூத்து சாகும் என்று நான் நினைக்கவில்லை. தொலைக்காட்சி வந்தபோது சாகும் என்றார்கள், செல்போன் வந்தபோது சொன்னார்கள். இப்போது பையன்கள் செல்போனிலேயே கூத்தைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு கதையை நடத்திச் சிரிக்கவைக்கிற கட்டியக்காரன் இன்னார்தான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். 2020 மார்ச் ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்து விழுந்தது, அடுத்த ஆண்டும் பாதி சீசன் போனது, நடிகர்கள் நூறு நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள், சிலர் கட்டையை அடகு வைத்தார்கள். அனுமதி கிடைத்ததும் விட்டுப்போன விழாக்களை ஊர்கள் தாமாகவே எடுத்தன. அம்மனுக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு, வேறு எந்தத் திட்டத்தாலும் கொண்டுவர முடியாதது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஒன்று, சட்டம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, உச்ச நீதிமன்றம் 2005இல் அதை உறுதி செய்தது, விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள் வரை அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவோடு முடிக்க வேண்டும். கூத்து நடப்பதே அந்த எட்டு மணி நேரம்தான். தூங்குகிறவர்களின் உரிமையும் உரிமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வருஷமும் காவல் நிலைய வாசலில் போய் நின்று யாருடைய தயவிலோதான் கூத்து நடத்த வேண்டியிருக்கிறது, தேர்தல் வந்துவிட்டால் அதுவும் சந்தேகம். மைக் இல்லாமல் பாடிய தலைமுறை போய்விட்டது, உச்ச ஸ்தாயியில் நாலு தெரு தாண்டிக் கேட்கப் பாடுகிற தொண்டையை இப்போது யாரும் பழக்குவதில்லை. இரண்டாவது, முகவீணை. அந்தச் சின்னக் குழலின் கூர்மையான சத்தம்தான் கூத்தின் அடையாளம், வாசிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கிறார்கள், பல ஜமாக்கள் ஆர்மோனியத்தோடு சமாளிக்கின்றன. இது மீளுமா என்றால், யாராவது பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஐந்து வருஷம் சொல்லிக்கொடுத்தால் மீளும், இல்லையென்றால் என் காலத்திலேயே போய்விடும்.

மூன்றாவதைச் சொல்வது கஷ்டம், ஆனால் சொல்லியாக வேண்டும். மேலே ஊர் ஊர் என்று எழுதினேனே, அந்த ஊருக்குள் யார் யார் அடக்கம்? தலைக்கட்டு வரியை எல்லாத் தெருவிலும் வாங்குவதில்லை, வாங்காத தெருவுக்குக் கோவிலில் உரிமையும் இல்லை என்று அர்த்தம். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதி மக்கள் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் வரக் கூடாது என்று நடந்த தகராறில் அதிகாரிகள் கோவிலையே பூட்டி சீல் வைத்தார்கள். ஜமாவுக்குள் எல்லாச் சாதியும் ஒன்றாக வேஷம் கட்டுகிறது, ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் அரிதாரம் பூசுகிறார், ஆனால் ஆடி முடித்ததும் சாப்பாடு எந்தத் திண்ணையில் என்ற கேள்வி சில ஊர்களில் இன்னும் வருகிறது. எங்கள் வாத்தியார் அப்படிப்பட்ட ஒரு ஊரில் இலையை மடித்துவிட்டு எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார், அடுத்த வருஷம் அந்த ஊர் எங்களைக் கூப்பிடவில்லை. கூத்தை எது தாங்குகிறதோ அதுவேதான் இந்தச் சுவரையும் தாங்குகிறது. சில ஊர்களில் இளைஞர்கள் எல்லாத் தெருவிலும் வரி வாங்கி, எல்லாத் தெருவுக்கும் ஒரு ராத்திரி உபயம் என்று மாற்றியிருக்கிறார்கள். அங்கே கூட்டமும் இரண்டு மடங்கு, உபயத்துக்குப் போட்டியும் இரண்டு மடங்கு, இதை நானே வாசித்துக்கொண்டே பார்த்தேன். அதனால் மாற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பார்க்க வருவதானால் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் வாருங்கள். செய்யாறு, வந்தவாசி பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், "அக்னி வசந்த விழா" என்று தேடுங்கள், எந்த நாள் எந்தக் கூத்து, எந்த ஜமா என்று முழு விவரமும் அதிலேயே இருக்கும். ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் கர்ண மோட்சம். இரண்டு நாள் தங்க முடிந்தால் பதினெட்டாம் போரும் மறுநாள் படுகளமும், அதைத் தவறவிடாதீர்கள். எட்டு மணிக்கே போய் வேஷம் கட்டுகிற கொட்டகைப் பக்கம் நில்லுங்கள், கேட்டால் உள்ளே விடுவார்கள், முகம் எழுதவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதைப் பார்க்காமல் கூத்தைப் பார்ப்பது பாதி பார்த்த மாதிரிதான். போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சித்திரையிலும் விடியற்காலையில் பனி இறங்கும். மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணை அமுக்கும், அப்போது எழுந்து டீ குடித்துவிட்டு மேளக்கட்டுக்குப் பின்னால் வந்து உட்காருங்கள், அங்கே உட்கார்ந்தால் யாராலும் தூங்க முடியாது. கட்டியக்காரன் தட்டு எடுத்து வரும்போது உங்களால் முடிந்ததைப் போடுங்கள், பேரும் ஊரும் கேட்டு மைக்கில் சொல்வார், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.